கல்லக்காவும் செத்துப்போன கல்லும்

அந்தத் தெருவில் கல்லை நக்கிப் பார்க்கிற பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, கூச்சமே இல்லாமல் நக்குவாள். அதனால் கல்லக்கா என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரை அவளே மறந்திருப்பாள், நாமும் விட்டுவிடலாம்.

அவளுக்கு வேலை கல் அறுக்கும் பட்டறையில். தரைக்குப் போடுகிற கல், படிக்குப் போடுகிற கல் எல்லாம் அங்கே அறுபடும். அறுத்ததை அளந்து, அடுக்கி, வண்டியில் ஏற்றிவிடுவது அவள் பொறுப்பு. மிஞ்சிய துண்டுகளை முதலாளி குப்பை என்பார். சாப்பாட்டு வேளையில் கல்லக்கா அந்தக் குப்பையில் உட்கார்ந்து, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற அம்மாவைப்போல ஒவ்வொரு துண்டாகப் புரட்டிப் புரட்டிக் குறை கண்டுபிடிப்பாள். காரணம் வேறொன்றுமில்லை, அவள் வீட்டுக்காரர் சவரக்கடை வைத்திருந்தார். அதிலும் மடக்குக் கத்தியை வைத்துக்கொண்டு.

மற்ற கடைகளில் பிளேடை மாட்டி, வழித்து, தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இவர் மாட்டேன் என்றார். "பிளேடு தோலைச் சுரண்டும்மா. கத்தி தோல்கிட்ட பேசும்" என்பார். பேசுவது என்னவோ அவர் கத்திதான், அதைப் பேசவைக்கிற பாடு அவளுடையது. தீட்டினால்தான் கத்தி. தீட்டக் கல் வேண்டும். கடையில் விற்கிற சாணைக்கல் கல்லக்காவுக்குப் பிடிக்காது. "பொடியைக் குழைச்சு சுட்டு விக்கிறான். அது கல்லா? பிஸ்கெட்டு" என்பாள்.

நல்ல கல்லைக் கண்டுபிடிக்க அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் விரல் நுனியில் தொங்கவிட்டு ஒரு தட்டு. 'டங்' என்று பாடினால் உள்ளே விரிசல் இல்லை. 'டொக்' என்றால் வந்த வழியே போகலாம். அடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர். விட்டதும் உறிஞ்சிவிட்டால் தளர்ந்த கல், முத்தாக நின்றால் நெருக்கமான கல். அதையும் நம்பாமல் நாக்கு. நாக்கில் ஒட்டினால் வேண்டாம். பிறகு ஒரு சொட்டு வினிகர். பொரபொரவென்று நுரைத்தால் சுண்ணாம்பு ஜாதி, தரையில் போட்டு மிதிக்கத்தான் லாயக்கு. இத்தனையும் தேறிய கல்லில் தண்ணீர் விட்டு ஒரு பழைய கத்தியைத் தேய்ப்பாள். கல் கரைந்து பால்போல வரும். அவர்கள் வீட்டில் அதற்குப் பாலென்றே பெயர். பால் கறுத்தால் கல் இரும்பைத் தின்கிறது என்று அர்த்தம். வெளுப்பாகவே இருந்தால், "சும்மா தடவிக் கொடுக்குது, இதுக்கா இத்தனை நாள் காத்திருந்தேன்" என்று தூக்கி எறிவாள்.

கடைசிப் பரீட்சை வீட்டுக்காரரின் இடது கை. தீட்டிய கத்தியை அவர் முன்கையில் லேசாக ஓட்டுவாள். முடி சத்தமில்லாமல் உதிர்ந்தால் கல் தேறியது. பிடுங்கி இழுத்தால் அவர் கத்துவார், அதுவும் ஒரு தகவல்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்த இடது கையில் முடி நிம்மதியாக வளர்ந்ததில்லை. வலது கை கரடிக்கு, இடது கை கைக்குழந்தைக்கு என்று பிரித்துக் கொடுத்ததுபோல இருக்கும். யாராவது கேட்டால், "அடுப்புல சுட்டுக்கிட்டேன்" என்பார். எத்தனை வருஷம் ஒருத்தர் அதே அடுப்பில் சுட்டுக்கொள்ள முடியும் என்று யாரும் கேட்கவில்லை. நல்ல தெரு.

இப்படித் தேறிய கற்களில் ராணி என்று ஒன்று இருந்தது. பச்சையும் சாம்பலும் கலந்த நிறம், உள்ளங்கை அகலம், குறுக்கே மெல்லிய வெள்ளை இழை. "நரை விழுந்த கல்லு, என்னை மாதிரியே" என்று வீட்டுக்காரர் தினமும் காலையில் சொல்வார். தினமும் அவளும் சிரிப்பாள், குடும்பம் என்றால் அப்படித்தான். அந்தக் கல்லுக்கு ஒரு மூலையில் சின்ன உடைசல். மாமியார் ஒருமுறை அதைக் குளியலறைக்கு எடுத்துப்போய்க் குதிகால் தேய்த்து, கை தவறிக் கீழே போட்டதில் வந்தது. கல்லக்கா மூன்று நாள் மாமியாரோடு பேசவில்லை. மாமியாரின் குதிகால் மட்டும் பட்டுப்போல ஆகிவிட்டது, அதை அவளும் மறுக்க மாட்டாள்.

காலையில் கல்லக்கா ராணியைத் தண்ணீரில் நனைத்து, அதே கல்லின் சிறு துண்டால் தேய்த்துப் பால் எடுப்பாள். கத்தியின் முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படிய, வாய் முன்னே போக ஓட்டுவாள். திருப்பும்போது முதுகின் மேல் புரட்டுவாள், வாய் ஒருபோதும் கல்லில் குத்தாது. போகப்போகத் தண்ணீர் சேர்த்துப் பாலை நீர்க்கவிட்டு, கடைசியில் வெறும் தண்ணீரில் முடிப்பாள். அதற்கு மேல் தோல்வாரில் இழுத்து மெருகேற்றுவது அவர் வேலை. கத்தியை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் பட்டறைக்குக் கிளம்புவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் ஒருநாள் ரத்தம் வந்தது.

எதிர்க் கடை டெய்லருக்குத் தாடையில் ஒரு கீறல். போகட்டும் என்று விட்டார். அடுத்த வாரம் காதுக்குக் கீழே. அதற்கடுத்த வாரம் மேலுதட்டில். டெய்லர் சாந்தமான மனிதர். பஞ்சை ஒட்டிக்கொண்டே, "அண்ணே, வெட்டறது என் தொழில். நீங்க வழிச்சு விட்டாப் போதும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்னவர் டெய்லர் ஒருவர், சொல்லாமல் வேறு கடைக்குப் போனவர்கள் பலர்.

வீட்டுக்காரர் அன்று மாலை தீர்ப்புச் சொன்னார்.

"கல்லு செத்துப்போச்சும்மா."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் அவருக்கு ஆடத் தெரியும், அதுதான் விஷயம். தீட்டுகிற மனைவியைக் குறை சொல்லத் தைரியம் இல்லாததால் கல்லைச் சொன்னார்.

கல்லக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கல்லின் முகத்தைக் கண்ணாடிப் பலகையில் மணல் போட்டுத் தேய்த்துச் சமன்படுத்தினாள். பால் நன்றாகவே கறுத்தது. கத்தி வாயை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தாள், ஒரு பல் கூடப் பெயரவில்லை. அவர் இடது கை முடி பொலபொலவென்று உதிர்ந்தது.

"பாருங்க, உங்க கையே சொல்லுது. கத்தி நல்லாத்தான் இருக்கு."

"கைக்கு என்ன தெரியும்? டெய்லர் தாடையைக் கேளு."

மறுநாள் பட்டறைக்குப் பேருந்தில் போகும்போது தன் விரல்களையே பார்த்தாள். ஒருவேளை கல்லு சாகவில்லை, தன் கைதான் போய்விட்டதோ? அந்தக் கடை போனால் வீட்டுக்காரர் வேறு எதற்கும் ஆக மாட்டார். நாற்காலிக்குப் பின்னால் நிற்கும்போதுதான் அவருக்கு முதுகே நிமிரும். வீட்டில் உட்கார்ந்தால் அவள் சமையலைத் திருத்த ஆரம்பித்துவிடுவார், அது இரண்டு பேருக்கும் ஆபத்து. குப்பைமேட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். நக்கி நக்கி நாக்கு சொரசொரத்துப்போனது.

கடைக்கு விடுமுறை நாளில், தேறியது தேறாதது எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டு வந்து, கண்ணாடிக்கு முன்னால் இருந்த பலகையில் துண்டு விரித்துப் பரப்பினாள். காலையில் கழுவிக் காயவைத்த ராணியும் பையோடு சேர்ந்து வந்து அதே துண்டில்தான் கிடந்தது. தனியாக எடுத்து வைக்க மறந்துபோனாள்.

"இன்னிக்கு நானே பொறுக்கறேன். நீ வாயைத் திறக்கக் கூடாது" என்றார் வீட்டுக்காரர்.

அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். ஒன்றைத் தட்டி, "டொக்கு" என்றார். ஒன்றை நக்கி முகத்தைச் சுளித்தார். ஒன்றின் மேல் சொட்டு விட்டு, "குடிகாரக் கல்லு" என்று ஒதுக்கினார். அப்புறம் கை ராணியிடம் போனது.

தட்டினார். டங். சொட்டு விட்டார், முத்தாக நின்றது. நாக்கில் வைத்தார். கட்டைவிரலால் முகத்தைத் தடவினார். அவர் முகமே மலர்ந்துபோயிற்று.

"இதும்மா! இதுதான் கல்லு! இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்த? அந்தச் செத்த கல்லைக் கொண்டுபோய் உன் மாமியார் குதிகாலுக்கே கொடுத்துடு!"

கல்லக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கல்லு சாகவில்லை, தன் கையும் போகவில்லை! அவரும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

சிரிப்பின் நடுவில்தான் அவள் அதைப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் கல்லின் மேல் நேராக விழுந்திருந்தது. வெள்ளை இழை பளிச்சென்று தெரிந்தது. தினமும் நரை, நரை என்று அவர் கிண்டல் செய்த இழை. அது அவர் மூக்குக்குக் கீழேயே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் கையைப் பிடித்து, விரலைக் கல்லின் மூலைக்குக் கொண்டுபோய் வைத்தாள். விரல் உடைசலில் நின்றது. ஒருமுறை தடவியது. மறுபடி தடவியது. கல்லைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார், மறுபடி பக்கத்தில் கொண்டுவந்தார்.

"அப்போ கல்லு சாகலை" என்றார்.

"இல்லைங்க."

"கத்தி?"

"நல்லாருக்கு."

அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். சோப்பு, தண்ணீர்க் கிண்ணம், விளக்கு, நாற்காலி. பழி போட இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினார், பாவம். ஒன்றும் அகப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

"மூக்குல கண்ணாடியை மாட்டிக்கிட்டு நின்னா எவன் கழுத்தை நீட்டுவான்? எழுந்து ஓடிடுவான்."

"கண்ணாடி இல்லாமலே ஓடிக்கிட்டுத்தானே இருக்காங்க?" என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். கல் பட்டுப் பட்டுச் சொரசொரத்த நாக்கு அது.

கண்ணாடி வந்தது. இரண்டு நாள் அவர் சட்டைப் பையிலேயே குடியிருந்தது. மூன்றாம் நாள் கல்லக்கா பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுக் கடைக்கு வந்தாள். டெய்லர் வாசலில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்று கொண்டிருந்தார். தாடி ஒரு வாரத்தது. உள்ளே வரவும் மனமில்லை, போகவும் மனமில்லை. வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டியிருந்தார். கத்தி அவர் விரல்களுக்கு நடுவில் நடுங்கியது. இது கண் சம்பந்தப்பட்டதில்லை, பயம். பயத்தைத் தேய்த்துப் போக்க எந்தக் கல்லும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

கல்லக்கா போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, இடது கையை நாற்காலிக் கையின் மேல் நீட்டினாள்.

"முதல்ல இதைப் பண்ணுங்க."

"உனக்கெதுக்கும்மா? பைத்தியமா?"

"இத்தனை வருஷம் உங்க கையை வச்சு நான் கல்லைப் பார்த்தேன். இன்னிக்கு என் கையை வச்சு நீங்க உங்க கையைப் பாருங்க."

அவர் கிண்ணத்தில் நுரை கலக்கி, பெரிய மனிதர் தாடைக்குப் பூசுவதுபோல நிதானமாக அவள் முன்கையில் பூசினார். குனிந்தார். கண்ணாடி மூக்கில் சரிந்தது, புறங்கையால் ஏற்றிவிட்டுக்கொண்டார். கத்தி தோலில் இறங்கியது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, நுரை விலகிய இடத்தில் காற்றின் குளிர்ச்சி மட்டும் தெரிந்தது. கத்தி நன்றாகத்தான் பேசுகிறது என்று நினைத்தாள். இத்தனை நாள் அவர் சொல்லக் கேட்டிருந்தாளே தவிர, அவளோடு அது பேசியதில்லை. மணிக்கட்டு எலும்பின் மேடு வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கத்தி அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று. முழங்கை வரை ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

அவர் ஈரத்துணியால் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். கை நடுக்கம் நின்றிருந்தது.

டெய்லர் தெருவில் இருந்த காலையும் உள்ளே எடுத்து வைத்தார். "எழுந்திருங்கக்கா, இது ஆம்பளைங்க நாற்காலி. அண்ணே, நானும் கண்ணாடி போட்டுத்தான் ஊசி கோக்கறேன். நான் என்ன உங்க கழுத்தையா தைச்சுட்டேன்?" என்று உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டார்.

மறுநாள் பட்டறையில் வண்டிக்குக் கல் ஏற்றும்போது, கணக்குப் பார்க்கிற பெண் கல்லக்காவின் கையைப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, ஒரு கை மட்டும் இப்படி இருக்கு?"

"அடுப்புல சுட்டுக்கிட்டேன்" என்றாள் கல்லக்கா.