மஞ்சள் நூலும் சித்தப்பா வேட்டியும்

எனக்கு எழுத்து சீராக வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. மறதியும் கூடிவிட்டது. அண்ணனைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்லி அவருடைய கல்லூரிப் பிள்ளைகள் நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது உலகச் சண்டைக் காலம். கடையில் நல்ல துணி கிடைக்காது. சித்தப்பாவிடம் நாலு பேர் முன்னால் கட்டுவதற்கு இருந்தது ஒரே ஒரு வெள்ளை வேட்டி. அன்று சாயங்காலம் திருச்சுழிக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அதனால் காலையிலேயே கிணற்றடிக்கு வந்து, வாய்க்காலில் வேட்டியை ஊறப் போட்டுவிட்டுப் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

அப்பா மாடு பூட்டிக் கமலை இறைக்க, தண்ணீர் தொட்டியில் விழுந்து அதன் வாய் வழியாக வாய்க்காலுக்குப் போகும். அண்ணன் அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்த மஞ்சள்பொடியைச் சிரட்டையில் கரைத்து, அதன் ஓட்டையில் ஆமணக்குத் தண்டைச் சொருகி வாய்க்கால் தண்ணீருக்குள் விட்டிருந்தார். தொட்டியின் வாயைக் காலால் அடைப்பது என் வேலை.

"கால வையி புள்ள."

வைத்தேன். தண்ணீர் மெதுவானது. மஞ்சள், நூல் பிடித்தாற்போல் நேராக நீண்டது.

"இப்ப எடு."

எடுத்தேன். நூல் நெளிந்து சுருண்டு வாய்க்கால் முழுக்கக் கலைந்துபோனது. எனக்குச் சிரிப்பு. அண்ணனுக்குச் சாமி வந்த மாதிரி இருந்தது. வையி, எடு, வையி என்று என் கால் மரத்தே போனது.

"அங்க என்னலே, மீனு புடிக்கிறீகளா?" என்றார் அப்பா.

"இல்லப்பா, தண்ணிக்கு எப்பக் கிறுக்குப் புடிக்குதுன்னு பாக்குறேன்."

"ஒனக்குப் புடிச்சாப்லதான் அதுக்கும் புடிக்கும்!"

கடைசித் தடவை காலை எடுத்தபோது, தேங்கி நின்ற தண்ணீர் மொத்தமாகப் பாய்ந்து சிரட்டையைக் கவிழ்த்துவிட்டது. மஞ்சள் அத்தனையும் சித்தப்பா வேட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் ஓடிவந்து சவுக்காரத்தைப் போட்டுத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க, ஆரத்தித் தட்டில் விழுந்த மாதிரி, வேட்டி சிவப்பானது.

"அடப்பாவிகளா, இதக் கட்டிக்கிட்டுப் போனா என்னையக் கறிக்கடைக்காரன்னுல்ல நெனப்பாக!"

அப்பா அண்ணன் முதுகில் சாட்டைக்கம்பால் இரண்டு வைத்தார். அண்ணன் அழவில்லை. என் பக்கம் குனிந்து, "நூலு எந்த எடத்துல கலைய ஆரம்பிச்சுச்சு, பாத்தியா?" என்றார்.

"ரெண்டு சாண் தள்ளி" என்றேன்.

நான் எங்கே பார்த்தேன்? வேட்டியையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்! அவர் அதை நம்பிக் கரிக்கட்டியால் தொட்டிச் சுவரில் எழுதிக்கொண்டார்.

எங்கள் காட்டு வெயில் அன்றைக்கு உதவியது. நல்ல தண்ணீரில் அலசி அலசிக் காயப்போட, சிவப்பு போய், மத்தியானத்துக்குள் மஞ்சளும் பாதி வெளுத்துவிட்டது. திருச்சுழியில் பெண்ணின் அப்பா, "மாப்ள மொகூர்த்த வேட்டியோடயே வந்துட்டாகளே!" என்றாராம். கதவுக்குப் பின்னால் சிரித்த பெண்தான் எங்கள் சித்தி.

அண்ணன் பிறகு சீமை வரை போய்ப் படித்ததும், ஓடுகிற தண்ணீர் எப்போது, எங்கே சுழிக்கத் தொடங்குகிறது என்று சோதித்துச் சோதித்தே பேராசிரியரானதும் உங்களுக்குத் தெரியும். ஒரு தடவை என்னைச் சோதனைக்கூடத்துக்குக் கூட்டிப்போய், நீளமான கண்ணாடிக் குழாய்க்குள் சாயநூல் ஓடுவதைக் காட்டினார். என் கால் இருந்த இடத்தில், தண்ணீரைக் கூட்டிக் குறைக்க ஒரு பித்தளைத் திருகு இருந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கூட இருந்தவர்களைப் பார்த்து வெட்கம், சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

அடி வாங்கிய முதுகோடு ஒரு பையன் கேட்டதை விளையாட்டுக் கேள்வி என்று அன்றைக்கு நினைத்துவிட்டேன். அந்த இரண்டு சாண், நான் வாய்க்கு வந்தபடி சொன்னது. நீங்கள் அவரிடம் படித்த பிள்ளைகள். யாராவது அளந்து பார்த்துத் திருத்திவிடுங்கள்.