படுத்துக் காட்டுபவர் பிணமான கதை

ஊரெல்லாம் எழுந்து வேலைக்குப் போகிறது. இவர் வேலைக்குப் போய்ப் படுக்கிறார். மெத்தைக் கடையில் படுத்துக் காட்டுவதுதான் இவருடைய உத்தியோகம். புருஷன் பெண்டாட்டியாக யாராவது கடைக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தையின் ஓர் ஓரத்தில் மல்லாந்து கண்ணை மூடிக்கொள்வார். "இப்ப அந்தப் பக்கம் உக்காருங்கம்மா" என்பார். அந்த அம்மாள் உட்கார்ந்து மெத்தை அமுங்கியதும், கண்ணைத் திறக்காமலே அறிவிப்பார்: "பாத்தீங்களா, நீங்க உக்காந்தீங்க, எனக்கு ஒரு அசைவும் தெரியல!"

இதற்கு மயங்காதவர்கள் குறைவு. ஒரே ஒரு முதியவர் மட்டும், "பத்து வருஷ உத்தரவாதமா? எனக்கு அவ்வளவு வேண்டியிருக்காது தம்பி, சின்னதா ஏதாவது காட்டுங்க" என்று கேட்டு இவரைத் திணறடித்தார்.

வீட்டில் இவர் வெறுந்தரையில்தான் தூங்குவார். ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது கொள்கை.

இப்பேர்ப்பட்ட பணியை மகள் மட்டும் மதிக்கவில்லை. சினிமாக் கல்லூரியில் படிக்கும் அவள், "எங்கப்பா ஃபர்னிச்சர் துறையில இருக்கார்" என்று தோழிகளிடம் சொல்லி வைத்திருந்தாள். அது இவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது, படுப்பதற்கு அடுத்தபடியாக இவருக்குக் கைவந்த கலை.

அந்த மகள் ஒருநாள் தானாக வந்து நின்றாள். "அப்பா, போட்டிக்கு ஒரு குறும்படம் எடுக்கறேன். நீங்கதான் ஹீரோ."

இவர் காலரைச் சரிசெய்துகொண்டார். "கதை என்ன கண்ணு?"

"ரிட்டயர் ஆகட்டும், அப்புறம் வாழ்ந்துக்கலாம்னு எல்லாத்தையும் தள்ளிப்போட்ட ஒருத்தர். ரிட்டயர் ஆன அன்னிக்கு ஆசையா ஒரு மெத்தை வாங்கறார், படுக்கறார், செத்துப்போயிடறார். வாழ்க்கையோட அபத்தம்ப்பா. சாவுலேர்ந்து யாரும் தப்ப முடியாதுல்ல, அதான் படம்."

"இதுல நான் எங்க வர்றேன்?"

"செத்த பிறகு."

இவர் பூரித்துப்போனார். மகள் முதன்முதலாகத் தன் தொழில் திறமையை நம்பி வந்திருக்கிறாள். இதில் சொதப்பினால் ஃபர்னிச்சர் துறையிலிருந்தும் தன்னை நீக்கிவிடுவாள் என்பதும் தெரிந்தது.

மெத்தை, கடையிலிருந்து இரவல். முதலாளி லேசில் தரவில்லை. "பொணம் படுத்த மெத்தைன்னு தெரிஞ்சா எவன்யா வாங்குவான்?"

"தினமும் நான் படுக்கற மெத்தைதானே முதலாளி. உசுரு ஒண்ணுதான் குறையும்."

அன்று மாலைக்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு மெத்தை வீடு வந்தது. செத்தவரின் மனைவியாக நடிக்க, சம்பளம் கேட்காத நடிகை வேறு யாரும் கிடைக்காததால், இவருடைய மனைவியே ஒப்பந்தமானார். கேமராவுக்குப் பின்னால் மகளின் தோழி நின்றாள்.

இவர் படுத்தார். அடடா, என்ன படுப்பு! வயிறுகூட ஏறி இறங்கவில்லை. தோழி பயந்துபோய், "அங்கிள், இருக்கீங்களா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

தகராறு அழுகையில்தான் வந்தது. "இவர் மெத்தையில கெடந்தா மாசச் சம்பளம் வரும்னுதான் தோணுது. எனக்கு எங்கேர்ந்துடி அழுகை வரும்?" என்றார் மனைவி. வெங்காயம் நறுக்கிப் பார்த்தார்கள். அதில் தோழிதான் அழுதாள். ஜன்னல் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. வாசலில் கடை வண்டி வந்து ஹாரன் அடித்தது.

மகள் கடைசியாகச் சொன்னாள். "அம்மா, நாளைக்குக் காலைல எழுந்து திட்டறதுக்கு வீட்டுல ஆளே இல்லன்னு நெனச்சுக்க."

மனைவியின் முகம் மாறியது. தோழி சத்தமில்லாமல் கேமராவை ஓடவிட்டாள். மனைவி மெல்ல நடந்து வந்தார். கண் நிறைந்து, ஒரு சொட்டு கன்னத்தில் நிஜமாகவே இறங்கியது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மனைவி மெத்தையின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

மெத்தை அமுங்கியது.

"பாத்தீங்களா, நீங்க உக்காந்தீங்க, எனக்கு ஒரு அசைவும் தெரியல!" என்றது பிணம்.

"செத்தப்புறமுமா வியாபாரம்?" என்றார் மனைவி, கண்ணீர் வழிய.

எப்போதும் போலப் பதிலுக்குப் பதில் வரும் என்று மனைவி இவர் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார். ஆனால் அதற்குள் இவருக்குத் தான் செத்துப்போனது ஞாபகம் வந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. மனைவி காத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு வெளிச்சம் போயிற்று, மெத்தையும் போயிற்று. இவர் வெறுந்தரையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "மன்னிச்சுக்க கண்ணு, வாய்ப் பழக்கம்." மகள் பல நாள் கணினியும் கையுமாகவே இருந்தாள். இவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போட்டியன்று கடைசி வரிசையில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். திரையில் பிணம் பேசியது. மகள் வெட்டவே இல்லை! அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வியாபாரமா என்று மனைவி கேட்டதும் இன்னும் பெரிதாகச் சிரித்தது. பிறகு அந்த அம்மாள் பதிலுக்குக் காத்திருந்தார். சிரிப்பு தேய்ந்தது. பதில் வரவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

விளக்கு எரிந்ததும் நடுவர் மேடையில் மகளிடம் கேட்டார். "அந்த நடிகர் யாரும்மா?"

"எங்கப்பா சார்" என்றாள் மகள் மைக்கில், கடைசி வரிசைக்குக் கை நீட்டி. "மெத்தைக் கடையில படுத்துக் காட்டற வேலை."

எல்லாத் தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின. இவர் எழுந்து நின்றார். எழுந்து நிற்பதில் அவ்வளவு பழக்கமில்லாததால் கொஞ்சம் தள்ளாடினார்.

வெளியே வந்ததும் நடுவர் இவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "உண்மையைச் சொல்லுங்க, அவங்க உக்காந்தப்ப நிஜமாவே அசைவு தெரியலையா?"

"என்ன சார் இது," என்றார் இவர், "செத்தவன் பொய் சொல்லுவானா?"