அவள் ஏசாத நாட்கள்

எனக்குச் சங்கரன்கோவிலில் பருத்திக் கமிஷன் கடை. சந்தேகம் தொழிலோடு வந்தது. திருவேங்கடம் ஊரிலிருந்து வரும் மூட்டையில் மேலாக்க வெள்ளை வெளேரென்று இருக்கும். கையை விட்டுத் துழாவினால் அடியில் ஈரப் பருத்தி. ஒருத்தரையும் நம்பமாட்டேன். பெண்டாட்டியையும்தான்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் இருக்கும். வலது கண்ணின் ஓரத்தில் கறுப்பாகத் திரை இறங்கியது. பஞ்சுத்தூசி என்றேன். கோவில் புற்றுமண்ணை நெற்றியில் பூசிவிட்ட அவளே, "கண்ணு அவிஞ்ச பொறவுதான் டாக்டர்ட்ட போவீங்களோ?" என்று ஏசி ஏசிப் பட்டணத்துக்கு ரயிலேற்றி, கூடவே வந்தாள்.

கண்ணுக்குள்ளே பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்து, சுண்ணாம்புப் பூச்சு மாதிரி உரிந்துவிட்டதாம். சூடு வைத்து ஒட்டினார் டாக்டர். பிறகு இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இருபுறமும் மணல்மூட்டை வைத்தார்கள்.

"நல்ல கண்ணை எதுக்குக் கட்டுதீங்க?" என்று சண்டைக்குப் போனேன்.

"ரெண்டும் ஒரே நுகத்து மாடு அண்ணாச்சி. அது திரும்பினா இதுவும் திரும்பும். ஒட்டினது பிரிஞ்சிடும்" என்றார் டாக்டர்.

நல்ல கண்ணையும் நோண்டிவிட்டார்களோ? கட்டுக்குள்ளேயே சிமிட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய சந்தேகம் அவள்மேல். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஏசாமல் சோறு போடாதவள், இப்போது கஞ்சியை ஊட்டிவிட்டு, "இன்னுங் கொஞ்சம் குடிங்க" என்று குழைந்தாள். வேண்டுமென்றே கஞ்சியைத் துப்பினேன். அதற்கும் ஏசாமல் துடைத்துவிட்டாள்.

"ஏட்டி, கண்ணு போயிட்டுன்னு டாக்டர் சொல்லிட்டாரா? ஏன் ஏச மாட்டேங்கே?"

"ஒங்களுக்குக் கோவம் வரக்கூடாது, தலை ஆடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

நான் நம்பவில்லை. நீ ஏசாத வரைக்கும் எனக்குப் பயம்தான் என்று சொல்லிவிட்டேன்.

ஒருநாள் காலையில் டாக்டர் கட்டை அவிழ்த்தார். விளக்கை அடித்து வலது கண்ணைப் பார்த்தார். எனக்கு ஒரே கூச்சம், ஒரே கண்ணீர், ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி கட்டிவிட்டு அவளை வெளியே கூப்பிட்டார். போனவள் வர நேரமாயிற்று.

வந்ததும் பிடித்தாள் பாருங்கள்! "எப்பப் பாரு சந்தேகம்! ஒங்களக் கட்டிக்கிட்டு நான் என்ன சொகத்தக் கண்டேன்? மூட்டையக் குத்திப் பாக்க மாதிரி மனுசாளையும் குத்திப் பாத்துக்கிட்டு!" பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அப்பாடா, கண் பிழைத்துவிட்டது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் கட்டு முழுசாக அவிழ்ந்தது. இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன். ஒரே இருட்டு. ஓரத்தில் மட்டும் இருந்த திரை முழுசாக இறங்கியிருந்தது.

கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தேன். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. வாய் மட்டும் என்னை ஏசுவதை நிறுத்தவே இல்லை.