சிமென்ட் வைத்த சுவர்

மிஸ் வெர்லீன் ஸ்டோக்ஸ் செயின்ட் லூயிஸில் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் கூரை இடிந்து கிடந்த விக்டோரியா காலத்துச் செங்கல் வீட்டை வாங்கித் தானே புதுப்பித்தார். மாடியை எனக்கு வாடகைக்கு விட்டார்.

ஒரு தப்பு செய்துவிட்டார். முன்சுவரின் இடுக்குகளில் சுண்ணாம்புக் கலவை உதிர்கிறதே என்று, உறுதிக்காகவும் சீக்கிரம் முடிக்கவும் சிமென்ட் பூசினார். எங்கள் ஊர்ப் பழைய செங்கல் மிருதுவானது. சுண்ணாம்பு வழியே வெளியேற வேண்டிய ஈரம் உள்ளேயே தங்கி, குளிரில் உறைந்து, செங்கலின் முகத்தைப் பிளந்து தள்ளியது. அப்படியே விட்டால் சுவர் நிற்காது.

அவருடைய தம்பி கிளேட்டன் வந்து பார்த்தார். "அக்கா, பேசாம பிளாஸ்டிக் பலகை அடிச்சு மூடிடு."

"மூடினா உள்ள உதிராதா? நீ தொப்பி போட்டதும் முடி முளைச்சிடுச்சா?"

வசந்தத்தில் மிஸ் வெர்லீன் சாரத்தில் ஏறினார். உளியால் சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, அந்த இடத்தில் சுண்ணாம்பை வைத்தார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். தோற்றுப்போகக்கூடிய வேலையைத் தொடாமலே வளர்ந்தவன். அது புத்தியா, பயமா என்று அந்தக் கோடையில்தான் யோசித்தேன். யோசித்தபடி கலவை வாளியைத் தூக்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் கடைசியில், பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாய் மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் வந்தது. எங்கள் ஊரில் ஜோக் சொன்னால்தான் மிட்டாய். எலும்புக்கூடு வேஷத்தில் வந்த ஒரு சிறுமி சாரத்தின் மேல் நின்றவரை அண்ணாந்து பார்த்தாள்.

"மிஸ் வெர்லீன், உங்க வீடு ஏன் மூஞ்சி கழுவுறதில்ல?"

"ஏன்டி?"

"கழுவினா மூஞ்சியே கையோட வந்துடுது!"

அவளுடைய அம்மாவுக்கு முகம் வெளிறியது. மிஸ் வெர்லீன் சாரம் ஆடச் சிரித்தார். "உனக்கு ரெண்டு மிட்டாய். அடுத்த வருஷம் வேற ஜோக் கொண்டா. அப்போ இது செல்லாது."

மேல் வரிசைகள் மிச்சமிருக்கும்போதே உறைபனி நெருங்கியது. பனியில் சுண்ணாம்பு இறுகாது.

"அது அப்படியே இருக்கட்டும்க்கா," என்றார் கிளேட்டன். "அவ்வளவு உசரத்துல யார் பார்க்கப் போறா?"

"போன தடவையும் சீக்கிரம் முடிக்கத்தான் சிமென்ட்ட எடுத்தேன்," என்றவர், புதுப்பூச்சின் மேல் சாக்குகளைக் கட்டத் தொடங்கினார்.

மார்ச்சில் சாக்குகளை அவிழ்த்தோம். சுண்ணாம்பு வைத்த பகுதியில் ஒரு செங்கல்கூட உரியவில்லை. சிமென்ட் மாறாத மேல் வரிசைகளிலிருந்து மட்டும் சிவப்புச் சில்லுகள் விழுந்து கிடந்தன. மிஸ் வெர்லீன் அவற்றைக் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டு, உளியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வேடிக்கை பார்த்தது போதும். ஏணியப் பிடி," என்றார்.