மாமனார் தேய்த்த சிப்

சின்ன மருமகள் பேசும் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து, திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வாஷிங் மெஷினுக்கு எலக்ட்ரானிக் போர்டு செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. லீவு நாளில் வீட்டிலும் அதுதான்.

பக்கவாதம் வந்து அவள் மாமனாருக்குப் பேச்சு போயிற்று. ஒரு விரல் மட்டும் மிச்சம். அந்த விரலுக்காக அவள் செய்ததுதான் பெட்டி. பட்டனை ஒரு தட்டு தட்டினால் "தண்ணி" என்னும். இரண்டு தட்டினால் "புரட்டுங்க". அழுத்திப் பிடித்தால் "போதும்மா". கடைசியது மனைவிக்கு. விரலின் வேகத்தைப் பெட்டியே பழகிக்கொண்டு, கரண்ட் போனாலும் மறக்காத ஃப்ளாஷ் மெமரி சிப்பில் எழுதிவைக்கும்.

அன்று காலை கரண்ட் போய் வந்ததும் பெட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அவர் தண்ணீருக்குத் தட்டினால் "போதும்மா" என்றது. அவரைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் நான்; நானும் அதை நம்பி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அதன்பிறகு அவர் விரலை அசைக்கவே இல்லை.

"இருந்த ஒரு வாயும் போச்சா?" என்றார் மாமியார்.

"பொறுங்க அத்தை." லேப்டாப்பைப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "தப்பு என்னோடது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே இடத்துல அழிச்சு அழிச்சு எழுத வச்சுட்டேன். ஃப்ளாஷ் அவ்வளவு தாங்காது, கரண்ட் வந்து திரும்பப் படிக்கிறப்போ குப்பைதான் வருது. மாமா அந்த இடத்தையே தேச்சுட்டாரு."

"தண்ணி கேட்டேவா தேஞ்சுது?"

"முக்காவாசி 'போதும்மா'தான் அத்தை."

மாமியார் முறைத்தார். கட்டிலில் மாமனாரின் வயிறு சிரிப்பில் குலுங்கியது.

நான் அவரை இடப்பக்கம் புரட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். சின்னவள் அதையே பார்த்தாள்.

"இதேதான் நர்சம்மா. ஒரே பக்கம் கிடந்தா புண்ணு வரும். இதையும் மாத்தி மாத்திப் படுக்க வைக்கிறேன்."

புது சிப்பைப் பற்றவைத்தாள். ஒரே இடத்தில் எழுதாமல் இடம் மாற்றி மாற்றி எழுதும்படியும், பழக்கம் மாறினால் மட்டும் எழுதும்படியும் நிரலைத் திருத்தி ஏற்றினாள். ஏறி முடியும்வரை ஒயர் அசையக் கூடாது என்றாள். மாமியார் கையைக் கட்டிக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டு நின்றார். சாயங்காலம் முழுக்க மாமனார் தட்டித் தட்டிப் பெட்டியைப் பழக்கினார்.

மறுநாள் காலை நான் வேலைக்கு வந்ததும் சின்னவள் ப்ளக்கைப் பிடுங்கி, மறுபடி செருகினாள். எல்லாரும் விரலையே பார்த்தோம். ஒரு தட்டு.

"தண்ணி."

ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன்.

"நான் அப்பவே சொன்னேன், கரண்ட்டு சரியில்லைன்னு..." என்று மாமியார் ஆரம்பித்தார். விரல் பட்டனை அழுத்திப் பிடித்தது.

"போதும்மா."

பெட்டி சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மாமியார் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.