திரைக்குப் பின்னால் கத்தி ராசா

“மொதல்ல கத்தி ராசா. அடுத்தது தானம் குடுக்கிற ராணி. அதுக்கப்புறம் ஏரி ராசா. கோட்டைப் படமெல்லாம் கடைசி.”

கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே ரஹீமா பீவி வரிசை சொல்வாள். கோட்டைப்பட்டினத்துக் கடற்கரையில், விரித்த பாயில் வாளையும் காரலும் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு கையில் காக்கை விரட்டும் கம்பு. மறு கை மீனைப் புரட்டும். வாய் மட்டும் சரித்திரத்தில் இருக்கும்.

எதையும் வரிசையில் நிறுத்தாவிட்டால் அவளுக்கு ஆகாது. எந்த வீட்டுக் கல்யாணச் சோறு முதல், எந்தத் தெருக் கிணறு கடைசி என்று யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொல்வாள். அவள் கடைசியில் வைத்த கிணற்றுத் தெருக்காரர்கள் சில நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

எங்கள் ஊருக்கு மாதம் ஒருமுறை அரசாங்கத்துப் பிரச்சார வண்டி வருகிறது. அம்மை ஊசி, உரம் என்று எதையாவது காட்டிவிட்டு, முடிவில் சரித்திரப் படத்தில் ஒரு பாகம் போடுவார்கள். பழைய கோயிலும் கோட்டையும் வரும். கண்ணுக்குத் தெரியாத ஒருவர் கணீரென்று விளக்கம் சொல்வார். நடுநடுவே ராசா வேடம் கட்டியவர்கள் நடித்துக் காட்டுவார்கள். திடலில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டியிருக்கும். ஆண்கள் அதற்கு முன்பக்கம், பெண்கள் பின்பக்கம். மெல்லிய துணிதானே, படம் எங்கள் பக்கமும் நன்றாகத் தெரியும். இந்த ஏற்பாட்டை யாரும் குறை சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

ரஹீமாவின் வரிசையைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன். “ஊருக்கெல்லாம் தண்ணி குடுத்தவரை விட்டுப்புட்டு, வெட்டுக்குத்துக்காரரைப் போயி மொதல்ல வைக்கிறியேடி!”

“ஏரி ராசா கையைக் கட்டிக்கிட்டுல்ல நிக்கிறாரு ஆத்தா! கத்தி ராசாவைப் பாருங்க. பீச்சாங்கையால ஓங்கி, ஒரே வீச்சு!”

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அவள் ராசாவைப் பார்க்கவே இல்லை, கையைப் பார்த்திருக்கிறாள். ராணி தானம் கொடுப்பதும் இடது கையால்தான். கோட்டைக்குக் கை ஏது? அதனால் அது கடைசி.

அவள் மகள் ஜொஹரா இடதுகைக்காரி. சோறு உண்பதற்கு மட்டும்தான் வலது கை. மீன் ஆய்வது, ஊசி கோப்பது, தண்ணீர் மொள்வது எல்லாம் மற்றக் கை. தகப்பன் இல்லாத பெண். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், அவள் இடது கையால் தண்ணீர்ச் செம்பை நீட்டியதைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டது. அன்று முதல் ரஹீமா அவளை வலது கையால் கொடுக்கப் பழக்கினாள். செம்பு தளும்பும், தாய் திட்டுவாள், மகள் அழுவாள். அந்த வீட்டுக்குள்தான் படத்து ராசா இடது கையில் கத்தியோடு வந்து சேர்ந்தார். ரஹீமா திட்டுவதை நிறுத்தினாள். ராணியின் முந்தானை வலது தோளில் கிடக்கிறதே என்று ஒருத்தி கேட்டபோது, “அந்தக் காலத்துக் கட்டு அப்படித்தான். ஒனக்கு என்ன தெரியும்?” என்று அடக்கிவிட்டாள்.

போன ஆனியில் ஜெகதாப்பட்டினத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாய் சாரா உம்மாள் பெண்ணைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினாள். அந்த மாதம் பிரச்சார வண்டி வந்ததும் ரஹீமா நேரே போய், படம் போடும் நல்லதம்பியிடம் நின்றாள்.

“தம்பி, அடுத்த தடவை கத்தி ராசாவையே கொண்டாங்க.”

டீக்கடை மீரா சாகிபு விடுவாரா? “என்ன ரஹீமா, ராசாவுக்கே சம்பந்தம் பேசுறியா?”

“பேசுறது எம் மவளுக்கு. ராசா சாட்சிக்கு வரட்டும்.”

ராசாவும் வந்தார், சாரா உம்மாளும் வந்தாள். கூடவே கடல்காற்றும் வந்தது. துணி பாய்மரம் போல் அடித்துக்கொண்டது. நல்லதம்பி சலித்துப்போய், அதை அவிழ்த்து மீன் சேர்த்துவைக்கும் கிட்டங்கிச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார். சுவருக்குப் பின்பக்கம் ஏது? திடலை நடுவே கயிறு கட்டிப் பிரித்து, ஒரு பாதியில் எங்களை உட்கார வைத்தார்கள். சாரா உம்மாளை எல்லோருக்கும் முன்னால் உட்கார்த்தி, ரஹீமா பக்கத்தில் இருந்துகொண்டாள். “ராசா கையை மட்டும் பாருங்க, பீச்சாங்கை” என்று முன்கூட்டியே சொல்லி வைத்தாள்.

கத்தி ராசா வந்தார். ஓங்கினார். வலது கை.

“எந்தக் கையி ரஹீமா அது?” என்றாள் சாரா உம்மாள்.

ராணி வந்தாள். அவளும் வலது கையால்தான் கொடுத்தாள். முந்தானைகூட எங்களுடையதைப் போல இடது தோளில் கிடந்தது. படம் முடிந்ததும் நல்லதம்பியைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“துணிக்கு அங்கிட்டு இருந்து பாத்தா வலது எடதாத் தெரியும்மா. எழுத்தெல்லாம் திரும்பித் தெரிஞ்சிருக்குமே, பாக்கலையா?”

பார்த்தோம்தான். எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருந்தால் எங்களுக்கென்ன? பின்பக்கம் உட்கார்ந்த ஒருத்திக்கும், என்னையும் சேர்த்து, படிக்கத் தெரியாது.

கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து மீரா சாகிபு குரல் கொடுத்தார். “இப்பவும் கத்தி ராசாதான் மொதல்லயா ரஹீமா?”

“ஆமா, அவருதான். எந்தக் கையா இருந்தா என்ன? வீச்சு வீச்சுதானே!” சொல் விறைப்பாக இருந்தது, கண்தான் சுவரில் கிடந்த வெறும் துணியை விடவில்லை. ஏரி ராசாவை நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் வாயைத் திறக்க மனம் வரவில்லை.

சாரா உம்மாள் எங்களோடு நடந்தாள். ரஹீமா வீட்டில் பாய் விரித்து உட்கார வைத்தோம். ஜொஹரா தேநீர் கொண்டுவந்தாள், வலது கையில். டம்ளர் சாய்ந்து, தேநீர் விளிம்பைத் தாண்டிப் பாயில் சொட்டியது. நீட்டவும் முடியாமல், கீழே வைக்கவும் தெரியாமல் அவள் நின்றாள். சாரா உம்மாளின் கண் அந்தக் கையிலேயே இருந்தது.

ரஹீமா எழுந்தாள். டம்ளரை வாங்கித் தன் முந்தானையால் அடியைத் துடைத்தாள். மகளின் இடது கையைப் பிடித்து அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள்.

“இப்பக் குடு.”