அம்மன் கூழும் இருபது நிமிஷமும்

சேவூரில் எழிலரசியின் முகம் இன்னமும் ஒரு கூரையின் மேல் கிடக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் விமானம் ஓட்டும் லைசென்ஸோடு ஊர் திரும்பியபோது, தெருக்காரர்கள் கூடி ஆரணி பஸ் ஸ்டாண்டு எதிரில் பத்தடிக்கு ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை, பின்னால் அவள் ஏறியே பார்த்திராத ஒரு பெரிய ஜெட் விமானம். மேலே 'சேவூரின் சிறகே' என்று கொட்டை எழுத்து, கீழே வாழ்த்துவோர் இருபத்திரண்டு பேரின் படம். நல்ல கெட்டியான பிளெக்ஸ். எறிய யாருக்கும் மனசு வரவில்லை. பக்கத்து வீட்டுத் தறிக்கூடம் ஒழுகுகிறது, பட்டுப் பாவில் தண்ணீர் சொட்டினால் எல்லாம் போச்சு என்று, அதைக் கொண்டுபோய் ஓட்டின் மேல் விரித்து நாலு செங்கல் வைத்தார்கள். ஒரு செங்கல் சரியாக அவள் மூக்கின் மேல். ஊருக்கு வரும்போதெல்லாம் மாடியில் துணி காயப்போடப் போகிறவள், தன் மூக்கை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவாள்.

பைலட் என்றால் பணம் கொட்டும் என்று ஊரில் ஒரு நினைப்பு. காதுகுத்துக்குக்கூட அவளைத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். ஊரை எதற்குக் குறை சொல்ல வேண்டும், எழிலரசிக்கே அந்த நினைப்பு இருந்தது. அப்பா ஜீவானந்தம் ஆரணி டெப்போவில் அரசு பஸ் டிரைவர். அம்மா உண்ணாமலை பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். ஜீவானந்தத்தின் அப்பா காலம் வரைக்கும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு சென்ட் இடம் கிடையாது. முதன்முதலில் ஒரு மனை வாங்கியவர் இவர். மகள் படிப்புக்காக அதை விற்றவரும் இவரே. மீதிக்கு பேங்க் லோன். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்றைக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்று.

"நம்ம வூட்ல ஒருத்தராவது, காலையில போனதும் நாலு பேர் முன்னாடி கையக் கட்டிகினு நிக்காத வேலைக்குப் போவட்டும்."

லைசென்ஸ் வந்தது, வேலை வரவில்லை. நாலு வருஷம் எழிலரசி சென்னை விமான நிலையத்தில் கவுண்டருக்குப் பின்னால் நின்று மற்றவர்களின் பெட்டியை எடை போட்டாள். "ரெண்டு கிலோ அதிகம் சார்" என்று சொல்லிச் சொல்லி, தூக்கத்திலும் அதையே சொன்னாள் என்று அறைத்தோழிகள் கேலி செய்வார்கள். அப்புறம்தான் சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் ஒரு சிறிய கம்பெனி அவளைப் பயிற்சி கோபைலட்டாக எடுத்தது. ஆறு மாதப் பயிற்சி என்றார்கள். அது வரைக்கும் உதவித்தொகை மட்டும். பயிற்சி முடிந்து, பரிசோதகர் ஒருவர் கூட வந்து பார்த்து 'இவள் ஓட்டலாம்' என்று ஒரு நாள் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் சம்பளம்.

அந்த ஆறு மாதம் பத்தொன்பது மாதமாக நீண்டது. ஒரு விமானம் உதிரிப் பாகம் இல்லாமல் நின்றுபோனது. ஒரு பயிற்சியாளர் வேறு கம்பெனிக்குப் போனார். பரிசோதகர் வரும் தேதி இரண்டு தடவை குறிக்கப்பட்டு இரண்டு தடவையும் தள்ளிப்போனது. உதவித்தொகையோ, ஜீவானந்தத்தின் சம்பளத்தில் பாதி. அதில் பல்லாவரத்தில் மூன்று பெண்களோடு பங்கு போட்ட அறை, ஸ்கூட்டிக்குப் பெட்ரோல், பேங்க்குக்கு வட்டி. கடைசி வாரத்தில் மதியச் சாப்பாடு என்பது ஒரு பிஸ்கட் பாக்கெட். இதையெல்லாம் அவள் வீட்டில் மூச்சு விட்டதில்லை. அப்பா கேட்டால், "அங்க சாப்பாடெல்லாம் குடுத்துட்றாங்கப்பா" என்பாள். சட்டையை இஸ்திரி போட்டு, தலையை இழுத்துச் சீவி, மடிப்புக் கலையாமல் வீடியோ காலில் உட்கார்ந்து அவள் சொன்ன பொய்களிலேயே இதுதான் பெரிய பொய்.

உண்ணாமலை நம்பினாளோ இல்லையோ, திங்கட்கிழமை தோறும் கேரியர் அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை. ஜீவானந்தம் ஓட்டுவது விடியற்காலை ஐந்து மணிக்கு ஆரணியை விடும் சென்னை பஸ். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடியின் மேல் கேரியர் வரும். பூந்தமல்லியில் எழிலரசி ஸ்கூட்டியோடு நிற்பாள். பஸ் நிற்கும் ஒரு நிமிஷத்தில் ஜன்னல் வழியாகக் கேரியர் இறங்கும், போன வாரத்துக் காலிக் கேரியர் ஏறும். பயணிகளுக்கு இது தெரியும். ஆபீஸுக்குப் போகிற அவசரக்காரர்கூட இந்த ஒரு நிமிஷத்துக்கு வாய் திறக்க மாட்டார்.

ஆடி மாதம் மூன்றாவது ஞாயிறு சேவூர் மாரியம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை, மூன்றாவது முறையாகக் குறித்த தேதி. பரிசோதகர் கேப்டன் ராஜேஷ் வந்துவிட்டார், விமானமும் ஓடுகிற நிலையில் இருந்தது. இரண்டும் ஒரே நாளில் அமைந்ததே பெரிய காரியம். இந்தத் தடவையும் போனால் பயிற்சி ஒப்பந்தம் முடிந்துவிடும், புதுப்பிக்க மாட்டோம் என்று கம்பெனி எழுதியே கொடுத்திருந்தது. திரும்பவும் கவுண்டர், திரும்பவும் இரண்டு கிலோ அதிகம்.

அன்றைக்கென்று பஸ் கால்மணி நேரம் தாமதம். ஜீவானந்தம் ஜன்னல் வழியாகக் கேரியரோடு ஒரு தண்ணீர் பாட்டிலையும் நீட்டினார். உள்ளே சாம்பல் நிறத்தில் கேழ்வரகுக் கூழ்.

"அம்மன் கூழு. அம்மா குடுத்தா. கீழ கொட்டக் கூடாது, மிச்சம் வெக்கக் கூடாது. குடிச்சிட்டு போ, எல்லாம் நல்லபடியா நடக்கும்."

"ஏம்பா லேட்டு?"

கண்டக்டர் குணா படியில் நின்றபடி, "அது ஒரு கதைம்மா, காலையில டெப்போல..." என்று ஆரம்பித்தார்.

"நீ விசில் குடுடா ஜல்தி," என்றார் ஜீவானந்தம். குணா சிரிப்பை அடக்கிக்கொண்டு விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது எழிலரசிக்குப் பசி காதை அடைத்தது. நேற்று ராத்திரி படபடப்பில் சாப்பிடவில்லை. அங்கே ஒரு தோசை இருநூற்றெண்பது ரூபாய். கேரியரைத் திறந்து வைத்துச் சாப்பிட நேரமில்லை. பாட்டில் இருக்கிறதே என்று மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. மூன்று மணி நேரம் எஞ்சின் சூட்டில் உட்கார்ந்து வந்த கூழ், நல்ல புளிப்பு. ஊழியர் வாசலில் நின்றபடியே ஒரு மடக்கு விடாமல் குடித்து முடித்தாள். மிச்சம் வைக்கவில்லை, கீழே கொட்டவில்லை. வயிறு குளிர்ந்தது. இன்றைக்கு ஜெயித்துவிடலாம் என்றுகூட இருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு நேராக மருத்துவ அறைக்குப் போனாள்.

விமானம் ஏறும் முன்னால் பைலட் ஒவ்வொருவரும் அங்கே ஒரு குழாயில் மூச்சு ஊத வேண்டும். குடித்திருக்கிறாரா என்று மெஷின் சொல்லும். கேமரா ஓடிக்கொண்டிருக்கும். எழிலரசி பத்தொன்பது மாதமாக ஊதுகிறவள். டாக்டர் சுபலட்சுமி பதிவேட்டிலிருந்து நிமிராமலேயே குழாயை நீட்டினார். எழிலரசி ஊதினாள். மெஷின் கீச்சென்று கத்தியது.

டாக்டர் நிமிர்ந்தார். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் பூஜ்யத்துக்கு அப்புறம் ஒரு நாலு நின்றது.

"என்னம்மா சாப்பிட்டீங்க?"

"கூழு, டாக்டர்."

"எப்போ?"

"இப்போதான். வாசல்ல."

சுபலட்சுமி பதிவேட்டை மூடி வைத்தார். அவருக்கு இந்தப் பெண்ணைத் தெரியும். ஆனால் மெஷினுக்குத் தெரியாதே. "புளிச்சதைக் குடிச்சிட்டு நேரா வந்து ஊதலாமா? வாயை நல்லாக் கொப்பளிச்சிட்டு இங்கேயே உட்காருங்க. இருபது நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை. அதுலயும் காட்டினா நான் எழுதித்தான் ஆகணும். மூணு மாசம் பறக்க முடியாது. என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

எழிலரசி கொப்பளித்தாள். ஒரு தடவை, ஐந்து தடவை, ஈறு எரியும் வரைக்கும். அப்புறம் கேமராவுக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று மாதம் இவளுக்காக யார் காத்திருக்கப் போகிறார்கள்? குடித்துவிட்டு வந்தாள் என்று பதிவேட்டில் இருக்கும். கூழ் குடித்தாள் என்று எழுத அதில் இடம் கிடையாது. ஒரு தோசைக்குக் காசு பார்த்ததில் வந்த வினை. அம்மாவின் மேல் கோபம் வந்தது. உடனே அந்தக் கோபத்தின் மேல் வெட்கம் வந்தது. உண்ணாமலை முந்தின நாள் வெயிலில் கூழ்ப் பானையைத் தலையில் சுமந்து கோயிலைச் சுற்றியிருப்பாள். யாருக்காகச் சுற்றியிருப்பாள் என்று கேட்கவே வேண்டாம். ஆறு வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகை கண்ணுக்கு வந்து நின்றது. கேமரா பார்க்கிறதே என்று மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவர்க் கடிகாரம் மெதுவாகத்தான் போயிற்று. நடுவில் கேப்டன் ராஜேஷ் எட்டிப் பார்த்து, கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

இருபதாவது நிமிஷம் டாக்டர் புதுக் குழாயை எடுத்து மாட்டினார். எழிலரசி கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். மெஷின் கத்தவில்லை. அவள் கண்ணைத் திறக்கவும் இல்லை.

"கண்ணைத் திறங்க. சைபர்," என்றார் சுபலட்சுமி. "ஓடுங்க."

சென்னையிலிருந்து சேலம், சேலத்திலிருந்து சென்னை. சேலத்தில் பக்கக் காற்று கொஞ்சம் மிரட்டியது. அவள் சக்கரத்தைத் தரையில் வைத்தது பின்னால் தூங்கிக்கொண்டிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்ததும் கேப்டன் ராஜேஷ் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். "காலையில கை நடுங்கும்னு நினைச்சேன். நடுங்கலை," என்றார். அவ்வளவுதான். பத்தொன்பது மாதம் மூன்று கையெழுத்தில் முடிந்தது. எழிலரசி கழிப்பறைக்குப் போய், கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஆசை தீர அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மறுநாள் ஓய்வு. ஸ்கூட்டியைப் பூந்தமல்லியில் தெரிந்த கடை வாசலில் நிறுத்திவிட்டு, சீருடையோடேயே அப்பாவின் திரும்பும் பஸ்ஸில் ஏறினாள்.

ஏறினதும் ஒரே வார்த்தைதான் சொன்னாள். "பாஸுப்பா." ஜீவானந்தம் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். தேவையே இல்லாமல் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

காஞ்சிபுரம் தாண்டி டீக்கு நிறுத்தும் கடையில் மூன்று பேரும் இறங்கினார்கள். டீ வந்ததும் எழிலரசி காலையில் நடந்ததைச் சொன்னாள். கூழ், மெஷின், இருபது நிமிஷம் எல்லாம். சொல்லச் சொல்ல ஜீவானந்தத்தின் முகம் வெளுத்தது. குணா டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"இப்பவாச்சும் சொல்லுண்ணே," என்றார் குணா.

ஜீவானந்தம் சொன்னார். "எனக்கும் கத்திச்சும்மா."

டெப்போவில் டிரைவர்கள் பஸ் எடுக்கும் முன்னால் ஊத வேண்டும். அதே மாதிரிக் குழாய்தான். விடியற்காலை வீட்டில் ஒரு சொம்பு கூழைக் குடித்துவிட்டுப் போய் அவர் ஊத, மெஷின் கத்தி, வாயைக் கொப்பளிக்க வைத்து, எல்லா டிரைவர்களும் பார்க்க பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டாவது தடவை சைபர் காட்டிய பிறகுதான் விட்டார்கள். பஸ் தாமதமானது அதனால்தான்.

"ஏம்பா, காலையிலயே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"இன்னான்னு சொல்றது? இருபத்தாறு வருசத்துல ஒரு சொட்டு தொட்டவன் இல்ல. மெஷின் கத்திச்சின்னு பொண்ணாண்ட சொல்லிகினு இருப்பனா?" டீயை ஒரு வாய் குடித்தார். "அதுவும் இல்லாம, உங்களையெல்லாம் ஊதச் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. எவ்ளோ பெரிய வேலை. நம்பி அனுப்புவாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்."

மனையை விற்ற அன்றைக்கு அவர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"டெய்லி ஊதணும்பா," என்றாள். "நானும் டிரைவர்தான்."

டிரைவர், கண்டக்டரிடம் கடைக்காரர் டீக்குக் காசு வாங்குவதில்லை. எழிலரசி தன் டீக்குக் காசு நீட்டியபோது குணா கையைத் தடுத்தார். "அவங்களும் நம்ம டிபார்ட்மெண்ட்தான்" என்றார் கடைக்காரரிடம். கடைக்காரர் தோள்பட்டையைப் பார்த்துவிட்டு, எந்த டிபார்ட்மெண்டோ என்று நினைத்தபடி, காசு வேண்டாம் என்று கையாட்டினார்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது ஜீவானந்தம் கேட்டார். "இனிமே முழுச் சம்பளமா?"

இந்த இடத்தில் எழிலரசி வழக்கமான பொய்யைச் சொல்லியிருக்கலாம். ஒரே நாளில் இரண்டு பேரும் ஊதி மெஷினைக் கத்த விட்ட பிறகு அது வாயில் வரவில்லை. "பயிற்சிக்கு ஆன செலவ மாசாமாசம் புடிப்பாங்கப்பா. அது போவ, உன் சம்பளத்துல முக்காவாசி வரும். இத்தினி நாளு பாதிதான் வந்துகினு இருந்திச்சி. சாப்பாடு ஒருநாளும் குடுத்ததில்ல."

ஜீவானந்தம் நின்றார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் அவள் கையிலிருந்த காலிக் கூழ் பாட்டிலையும் கேரியரையும் வாங்கி, டிரைவர் கதவைத் திறந்து, எஞ்சின் மூடியின் மேல் அதன் இடத்தில் வைத்தார். சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"அப்ப திங்கக்கெழமை கேரியர நிறுத்த வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லிட்றேன்."